முப்பத்தொன்பது காப்புகள்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். நாக்கில் கசக்கும், ஆனாலும் கடைசிவரை கேட்டுவிட வேண்டும்.

அறுபதுகளின் நடுவில், திருப்பூரில் ஆறுச்சாமி என்றொரு முதலாளி. அவருடைய பனியன் கம்பெனியில் நாற்பது பேருக்கு வேலை. தைத்து வரும் பனியன்களை மடித்து அடுக்குகிற மேசையில் ஷரீபுன்னிசாவும் பூவாத்தாளும் எதிரெதிரே நிற்பார்கள். பூவாத்தாளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்த வாரமே, "நாளைக்கு வர வேண்டாம் அம்மிணி" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஷரீபுன்னிசாவையும் இரண்டு பிரசவத்துக்கு அப்படித்தான் அனுப்பினார்கள். இரண்டு தடவையும் கெஞ்சிக் கூத்தாடித் திரும்பி வந்தவள் அவள். இந்தத் தடவை கெஞ்சவில்லை. அதே கம்பெனியில் வேலை பார்த்த சங்கத் தலைவர் லிங்கசாமியிடம் நேரே போனாள்.

"பூவாத்தாளை உள்ளே விடற வரைக்கும் ஒத்தை பனியனைத் தொட மாட்டனுங்க."

மறுநாள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள்.

பள்ளிவாசல்காரர்கள் மதியத்துக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். கஞ்சி இருந்தும் பத்தே நாளில் ஆள் கரையத் தொடங்கியது. ஒருவன் ஈரோட்டுக்குப் பஸ் ஏறினான், இன்னொருவன் காங்கேயத்துக்கு. லிங்கசாமிக்குத் தூக்கம் போயிற்று. அப்போதுதான் மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டித் திருவிழாவை ஆரம்பித்தார்கள். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பூசாரியின் தம்பியும் அதே கம்பெனிதான். லிங்கசாமி கேட்டதும் பூசாரி சம்மதித்தார். வெளியூர் போனவர்களையும் அழைத்து வந்து, அத்தனை பேர் கையிலும் மஞ்சள் கயிற்றைக் கட்டினார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு நல்லது என்று பூவாத்தாளும் கட்டிக்கொண்டாள்.

ஷரீபுன்னிசாவும் கையை நீட்டினாள். அந்தக் கம்பெனியில் முஸ்லிம் அவள் ஒருத்திதான்.

பூசாரி சிரித்தார். "உனக்கெதுக்கு அம்மிணி கவுறு? நீ சொன்ன சொல்லே பத்தாதா?"

அதற்கப்புறம் ஒருவரும் பஸ் ஏறவில்லை. கோயில் தர்மகர்த்தாவே ஆறுச்சாமிதான். காப்புக் கட்டியதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நாலாம் நாள், எல்லாரும் பள்ளிவாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்வாசல் வழியாக நிட்டிங் மெஷின்களை லாரியில் ஏற்றினார். எல்லைக்கு வெளியே அவருடைய தோட்டத்தில், வேறு ஆட்களை வைத்து ஓட்டப் பெரிய கொட்டகை தயாராக இருந்தது. சேதி கேட்டு நாற்பது பேரும் ஓடினார்கள். எல்லைக்கல்லுக்குப் பத்தடி தள்ளி ரயில்வே கேட் சாத்தியிருந்தது. லாரி அங்கேதான் நின்றது.

முப்பத்தொன்பது பேரும் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள்.

"ஏனுங்க, நின்னுட்டீங்க? ரயில் போனா கேட்டைத் திறந்துருவான்!" என்று ஷரீபுன்னிசா கத்தினாள்.

"காப்புக் கட்டியிருக்குதே அம்மிணி," என்றார் லிங்கசாமி.

"பத்தடிங்க! உங்க ஆத்தா பத்தடிக்கா கோவிச்சுக்குவா?"

யாரும் அசையவில்லை. பூவாத்தாள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ளைக்கு எதாச்சும் ஆயிப்போகுமுங்க அக்கா…"

ஷரீபுன்னிசா மட்டும் கல்லைத் தாண்டினாள். லாரிச் சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே படுத்தாள்.

"உடாத அம்மிணி! எந்திரிக்காத!" கல்லுக்கு இந்தப் பக்கமிருந்து லிங்கசாமி கத்தினார்.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. முதலாளியின் ஆட்கள் மூன்று பேர் இறங்கி, அவளை இழுத்து ஓரமாக எறிந்தார்கள். வலது மணிக்கட்டு ரோட்டோரக் கல்லில் பட்டு முறிந்தது. அந்தச் சத்தம் இந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டது. லாரி போய்விட்டது. இடது கையை ஊன்றி அவளாகவே எழுந்து, நடந்து வந்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் கோயிலில் வைத்துப் பேச்சுவார்த்தை. சங்கத்தார், பூசாரி, பள்ளிவாசல் பெரியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கல்கத்தாவுக்குச் சரக்கு அனுப்பத் தாமதமாகிக்கொண்டிருந்தது, முதலாளியும் இறங்கி வந்தார். எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறேன், இனி பிள்ளைத்தாச்சிகளை வெளியே அனுப்புவதில்லை, பூவாத்தாள் திங்கட்கிழமையே வரலாம் என்றார்.

"லாரியை மறிச்ச பொம்பளை மட்டும் வேண்டாமுங்க."

லிங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார். பூசாரி அம்மனைப் பார்த்தார். பள்ளிவாசல் பெரியவர், "பொம்பளை நடுரோட்டுல படுத்தது தப்புத்தானுங்க," என்றார். கையெழுத்தானது.

அன்றைக்குச் சாயங்காலம் பூவாத்தாள் ஷரீபுன்னிசாவின் வீட்டு வாசலில் வந்து அழுதாள். "நான் அந்த வேலைக்குப் போகலீங்க அக்கா."

ஷரீபுன்னிசாவின் கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. எழுந்திருக்கவில்லை.

"போடி. நீயும் போகலைன்னா எங்கையி எதுக்கு ஒடிஞ்சுது? போயி மடி. எங்கிட்ட மட்டும் இனிமே பேசாத."

பூவாத்தாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். ஆண் குழந்தை பிறந்தது, சுகமாக இருந்தது. சாகிறவரை அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

உங்கள் வீட்டு அடுப்பு என்றைக்கும் எரியட்டும் கண்ணுகளா. உங்கள் பெண்டுபிள்ளைகளின் கைகால் சுகமாக இருக்கட்டும். உங்களுக்காக ஒருத்தி ரோட்டில் விழுந்தால், ஓடிப்போய்த் தூக்குகிற பிள்ளை உங்கள் வீட்டில் பிறக்கட்டும்.