ஊறப்போட்ட நாவல்

எழுதி முடித்ததை உடனே படித்துப் பார்க்கக் கூடாது என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். முற்றும் என்று போட்டுவிட்டால் ஒரு மாதம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள். "ஊறட்டும்" என்பாள். ஒரு மாதம் கழித்து வேற்றாள் மாதிரி வந்து படித்தால்தான் தன் எழுத்தின் வண்டவாளம் தனக்கே தெரியும் என்பது அவள் கட்சி. அதுவரை யாருக்கும் அனுப்ப மாட்டாள். வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவும் மாட்டாள், இன்னொரு பிரதி கைக்கு எட்டினால் திறந்து பார்க்கச் சொல்லி மனசு அரிக்குமாம். பைத்தியக்காரத்தனம்தான். எழுதுகிறவர்களிடம் போய் அதற்கெல்லாம் காரணம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

பகலெல்லாம் அவள் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். பிடித்துக்கொண்ட தோள்களையும் வீம்பு பண்ணும் முழங்கால்களையும் தாஜா பண்ணி வழிக்குக் கொண்டுவருவது தொழில். வேலைக்குக் கிளம்புமுன் கிடைக்கும் காலைப் பொழுதில் மூன்று வருடமாக ஒரு துப்பறியும் நாவல் எழுதினாள். அதனால் கணவன் அவளுக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். அவளுடைய சிறுகதைகளைப் பத்திரிகையில் படித்த பதிப்பக ஆசிரியை ஒருவர், நாவல் முடிந்ததும் முதலில் தனக்குத்தான் தர வேண்டும் என்று வாக்கு வாங்கி, வரப்போகும் புத்தகங்களில் அதற்கு இடமும் ஒதுக்கியிருந்தார். அவளுடைய முதல் புத்தகம். வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நாவல் முடிந்த வாரமே லேப்டாப் படுத்துக்கொண்டது. திறந்தால் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஓஎஸ் போட்டால்தான் சரிவரும் என்றான் கணவன்.

"தம்பி வந்ததும் குடுத்துக்கலாமே," என்றாள் அவள். அவள் தம்பி லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அந்த வாரம் பார்த்து வெளியூர் போயிருந்தான்.

"ஓஎஸ் போடறதுக்கெல்லாம் ஒரு ஆளா? ஒரு நாள் வேலை. நான் போட்டுத் தரேன்."

"என் ஃபைலெல்லாம்?"

"ஒண்ணு விடாம காப்பி எடுத்துட்டுத்தான் கையே வைப்பேன் இன்ஸ்பெக்டர். போதுமா?"

போதும் என்று வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்தபோது லேப்டாப் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி பளிச்சென்று இருந்தது. திரையில் நாவலின் ஃபோல்டர் பழைய இடத்திலேயே, வலது மூலையில் உட்கார்ந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை. சட்டம் சட்டம்தானே.

"பத்திரமா இருக்கில்ல?"

"இதுலயும் இருக்கு, வெளி டிஸ்க்லயும் இருக்கு. நீ ஒரு மாசம் நிம்மதியா இரு."

அந்த ஒரு மாதம் அவளுக்கு ராஜ வாழ்க்கை. கேட்காமலே சுடச்சுடக் குடிக்கக் காப்பி வந்தது. துணி மடிப்பதென்றால் காத தூரம் ஓடுகிற கணவன் துணி மடித்தான். மாமியார், எப்போதும் எதையாவது குத்திக்காட்டாவிட்டால் தூக்கம் வராதவர், "நீ போய் ரெஸ்ட் எடும்மா" என்று அவளை அடுக்களையை விட்டே விரட்டினார். சும்மா இருந்தால் அவளுக்கு நாவலைத் திறக்கத் தோன்றிவிடும் என்று கணவன் விதவிதமான துப்பறியும் தொடர்களை லேப்டாப்பில் கொண்டுவந்து கொட்டினான். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தயாராக இருக்கும். அவளும் காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு தொடரிலும் கொலைகாரன் யாரென்று பாதியிலேயே சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தாள். தன் வீட்டில் ஏன் திடீரென்று இவ்வளவு பாசம் பொங்குகிறது என்று மட்டும் நம் இன்ஸ்பெக்டருக்குத் தோன்றவே இல்லை. அன்பாக நடந்துகொள்பவர்களை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, காப்பி டம்ளரோடு உட்கார்ந்து ஃபோல்டரைத் திறந்தாள். இது சுட்டும் இடம் இப்போது இல்லை என்று ஒரு சிறிய பெட்டி வந்து நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதுவே. வெளி டிஸ்கைச் செருகிப் பார்த்தாள். அதிலும் அதே ஃபோல்டர், அதே பெட்டி. கணவனைக் கூப்பிட்டாள். காய்கறி வாங்கப் போய்விட்டதாக மாமியார் உள்ளிருந்தபடியே, முகத்தைக் காட்டாமல் சொன்னார். அவள் லேப்டாப், டிஸ்க் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தம்பி கடைக்கு ஓடினாள்.

கடையில் யாரும் இல்லை. தம்பி ஒரு கீபோர்டைக் கழற்றி, பட்டன்களுக்கிடையில் இருந்த பிஸ்கட் தூளைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தான். யார் வந்தாலும் அவன் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடைசியா என்ன பண்ணீங்க?" பெற்ற தாயே வந்தாலும் அதைக் கேட்காமல் மூடியைத் திறக்க மாட்டான். அவள் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள். தம்பி அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிரஷ்ஷைக் கீழே வைத்தான். எதுவும் கேட்கவில்லை.

அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"அக்கா, முதல்ல உக்காரு."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும்," என்றான். பிறகு மென்று விழுங்கி ஒவ்வொன்றாகச் சொன்னான். திரையில் இருந்தது ஃபோல்டரே இல்லை. அக்காவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அவன் எப்போதோ செய்து வைத்த ஷார்ட்கட், ஃபோல்டரைச் சுட்டும் வெறும் குறுக்குவழி அது, மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். உண்மையான ஃபோல்டர் டிஸ்கின் இன்னொரு பாகத்தில் இருந்தது. அத்தான் திரையில் இருந்ததை மட்டும் நம்பி காப்பி எடுத்துக்கொண்டு மொத்த டிஸ்கையும் துடைத்துவிட்டார். புது ஓஎஸ் வந்ததும் ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு உடனே தம்பிக்குப் போன் பண்ணியிருக்கிறார்.

"உடனேன்னா?"

"அன்னிக்கே. நீ வேலையிலருந்து வரதுக்கு முன்னாடி."

அப்படியானால் வலது மூலையில் அது உட்கார்ந்திருந்தது தற்செயல் இல்லை. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தே கணவன் அதைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். ஒரு மாதம் அவள் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்திருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன அவர்கிட்ட?"

"லேப்டாப்பை ஆஃப் பண்ணி வைங்க, யாரும் தொடக் கூடாது, நான் வந்ததும் எடுத்துத் தரேன்னு சொன்னேன்க்கா. உன்னோடது பழைய ரக டிஸ்க். துடைச்சாலும் உடனே போயிடாது. அது மேல வேற எதாவது எழுதற வரைக்கும் அடியில அப்படியேதான் இருக்கும். அன்னிக்குக் குடுத்திருந்தா கிட்டத்தட்ட முழுசா எடுத்திருப்பேன்."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"என்கிட்ட குடுத்தா உனக்குத் தெரிஞ்சிடும்ல? பக்குவமா சொல்லிட்டுக் கொண்டு வரேன்னாரு. நானும் இன்னிக்கு வருவாரு நாளைக்கு வருவாருன்னு பாத்தேன். அக்காகிட்ட மூச்சு விடாதேன்னுட்டாரு. புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எப்படி..."

"உள்ள தொடர் தொடரா ஏத்திக் குடுத்தாரே, அது?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "அதெல்லாம் அது மேலதான் எழுதியிருக்கும்."

மூன்று வருட நாவலின் மேல் தினமும் ஒரு கொலைக் கதையை ஓட்டி, காலை ஆட்டிக்கொண்டு, அடுத்தது என்ன அடுத்தது என்ன என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். தன் எழுத்தைத் தன் கையாலேயே பக்கம் பக்கமாக அழிக்க வைத்துவிட்டார்கள். ஒரு போன், ஒரு வார்த்தை போதும், நிறுத்தியிருப்பாள். இவன் அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி.

"இப்ப பாத்தா?"

"பாக்கறேன். அங்கங்க துண்டு துண்டா எதாவது வரலாம். கதையா வராதுக்கா."

"வீட்ல அத்தைக்கும் தெரியுமா?"

அவன் பிரஷ்ஷை எடுத்துக் கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தான். அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "விட்டுட்டுப் போ, ராத்திரி பகலா உக்காந்து பாக்கறேன்," என்று பின்னாலேயே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இனி அவன் கையில் எதையும் விட்டுவிட்டுப் போகிற மனசு அவளுக்கு இல்லை.

வீட்டில் கணவன் வந்திருந்தான். காய்கறிப் பை மேஜைமேல் பிரிக்காமல் கிடந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தே. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தினமும் நாளைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு..."

"தெரியாம அழிச்சீங்க. அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு நாள் கத்திட்டு விட்டிருப்பேன். அப்புறம் ஒரு மாசம் தெரிஞ்சேதானே அழிச்சீங்க?"

"தெரிஞ்சு இல்லம்மா. படம் பாத்தா போயிடும்னு எனக்கு எங்க தெரியும்?"

"தம்பி தொடக் கூடாதுன்னு சொன்னானா இல்லையா?"

கணவன் காய்கறிப் பையைப் பிரிக்க ஆரம்பித்தான். தம்பி சொன்னான் என்பதற்கு அதைவிடப் பெரிய பதில் வேண்டாம். அவனுக்கு அவளுடைய மூன்று வருடத்தைவிட, தம்பிக்கு முன்னால் அசடு வழிய நிற்காமல் இருப்பது முக்கியமாகப் போய்விட்டது.

மாமியார் அடுக்களை வாசலில் வந்து நின்றார். "அவன் வேணும்னா செஞ்சான்? உள்ளுக்குள்ளயே புழுங்கிச் செத்துட்டான் பாவம். மனசுல இருக்கற கதைதானே, திரும்ப எழுதிக்கலாம்."

"நீ சொல்லு, நான் டைப் பண்றேன்," என்றான் கணவன் அவசரமாக. "லீவு போடறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பதிப்பக ஆசிரியை. இன்றுதான் திறக்கும் நாள் என்பது அவருக்கும் தெரியும். கணவன் பதறிப்போய் அருகில் வந்தான். "லேப்டாப் திருடு போயிடுச்சுன்னு சொல்லிடு. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க," என்று காதருகே குசுகுசுத்தான். இதையும் அவன் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தான் என்பது அந்தச் சரளத்திலேயே தெரிந்தது. அவள் அவனைப் பார்த்தபடியே போனை எடுத்தாள்.

"எப்படி ஊறியிருக்கு?" என்றார் ஆசிரியை சிரித்துக்கொண்டே.

"அழிஞ்சுபோச்சு மேடம்."

"வேற எங்கயும் ஒரு காப்பிகூட இல்லையா?"

"இதே லேப்டாப்புலயேதான் இருந்திருக்கு. எடுத்திருக்கலாம். வீட்ல எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது."

கணவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உங்க இடத்தை யாருக்கும் தர மாட்டேன்மா," என்றார் ஆசிரியை. "பொறுமையா எழுதுங்க. எப்ப ஆரம்பிப்பீங்க?"

"ஆரம்பிக்கிறேன் மேடம்," என்றாள் அவள். "முதல்ல எழுதறதுக்கு ஒரு வீடு பாத்துக்கறேன்."