பாண்டித்துரையின் ஐந்நூற்றுப் பன்னிரண்டு

படம் எடுக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கலாம், எடுத்ததை அழிக்கத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்று பாண்டித்துரைக்கு ஒரு நினைப்பு உண்டு. சூரியநெல்லியில் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, சின்னக்கானல் பக்கத்து ரிசார்ட்டுகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் பதினாறு வருஷமாகக் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர். பத்துப் படம் எடுத்தால் மூன்றை வைத்துக்கொண்டு ஏழைத் தட்டிவிடுவார். அதை ஒரு கொள்கையாகவே பேசுவார். கேட்க உட்கார்ந்தவர்களுக்கு டீ ஆறிப்போகும்.

அந்தக் கொள்கையோடுதான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாலக்காட்டில் சிஜுவின் கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்தார். கூட மனைவி இந்து. இந்துவும் காமிராக்காரிதான். கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கம் அவர், பெண் பக்கம் இவள் என்று பிரித்துக்கொள்வார்கள். பழைய லேப்டாப் முந்தின வாரம் உயிரை விட்டிருந்தது, அதில் கிடந்த வேலையை மட்டும் சிஜு மீட்டு வைத்திருந்தான். மறுநாள் பாலக்காட்டுக்குப் பக்கத்துச் சித்தூரில் இரண்டு நாள் கல்யாணம், அது முடிந்த கையோடு ஆனைகட்டியில் ஒரு ரிசார்ட்டுக்கு மூன்று நாள் வேலை. வீடு திரும்ப ஒரு வாரம் ஆகிவிடும்.

சிஜு இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தான். அச்சு அசல் ஒன்றுதான். ஒன்றில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜி.பி., மற்றதில் ஒரு டி.பி.

"அப்புறம் கூட்டிக்கலாம்னு நெனைக்கண்டா அண்ணா. டிஸ்க்கை உள்ள போர்டுல ஒட்டி வச்சிருக்கு. இப்ப எடுக்கறதுதான் கடைசி வரைக்கும், கேட்டோ" என்றான் மலையாளம் கலந்த தமிழில்.

இந்து விரலை மடக்கினாள். "ஒரு படம் அம்பது எம்.பி. ரெண்டு காமிரா, ரெண்டு நாளு, நாலாயிரம் படம்னு வையுங்க. அதுவே எரநூறு. விண்டோசும் எடிட்டிங்கும் நூறை முழுங்கிரும். முடிக்காம கெடக்க பழைய வேலை வேற நூத்தித் தொண்ணூறு. நெட்டுல ஏத்திக்கிடலாம்னா ஆனைகட்டில டவரே கெடைக்காது. ஒரு டி.பி.யே எடுத்துருவோமேங்க."

"அக்கா சொல்றது சரி. ஊர் சுத்தி படம் எடுக்கற ஆளுக்கு ஒரு டி.பி., அதோட ஒரு வெளி டிஸ்க்கும் வேணும்" என்றான் சிஜு.

பாண்டித்துரை சிரித்தார். "எடம் இருந்தா குப்பை சேரும் தம்பி. அழிக்கத் தெரியாதவனுக்குத்தான் ஒரு டி.பி. நமக்கு ஐந்நூத்திப் பன்னெண்டே சாஸ்தி." மிச்சப்படும் பணத்தில் ஒரு புது ஃபிளாஷ் வாங்கலாம் என்று அவர் பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டியிருந்தார். வெளி டிஸ்க் ஒன்று இருக்கத்தான் செய்தது. புது லேப்டாப் வரப்போகிறதே, அது எதற்குச் சுமை என்று சூரியநெல்லியில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பதினோரு வருஷக் குடித்தனத்தில் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது இந்துவுக்கு அத்துப்படி.

சித்தூர்க் கல்யாணம் ஆறுமுகசாமி வீட்டுக் கல்யாணம். நெல்லும் தென்னையுமாக நல்ல விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை அவருடைய ஒரே மகன் ஆனந்தகுமார். அவனுக்கு மூத்தவள் கிருத்திகா, சித்தூர் அரசுக் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் இணைச்சீர் நடந்தது. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளைப் பட்டுக் கட்டி அழைத்துவந்து அவன் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு சேலையால் இருவரையும் இணைத்துச் செய்கிற சீர். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் அது இல்லாமல் தாலிக்கு வர மாட்டார்கள்.

பாண்டித்துரைக்கு அதெல்லாம் தெரியாது. எஸ்டேட்டில் அவருடைய ஆட்கள் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து மலை ஏறியவர்கள். அங்கே கல்யாணம் என்றால் தாலி கட்டுகிற நேரம்தான், மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும். ஆனாலும் வேலை என்றால் வேலை. துடைத்து வைத்திருந்த வேறு கார்டாக மாற்றிக்கொண்டு சீர் தொடங்கியதிலிருந்து இருநூற்று எழுபத்தாறு படம் எடுத்தார். நடுவே மறித்த சொந்தக்காரர்களைப் பார்த்து, "போனெல்லாம் கீழ வையுங்க, வெளிச்சம் கெடுது, ஒதுங்குங்க!" என்று ஒரு அதட்டலும் போட்டார். பாவம், அத்தனை பேரும் ஒதுங்கினார்கள். இந்து அந்த நேரம் பெண்ணின் அறையில் இருந்தாள்.

ஞாயிறு காலை முகூர்த்தம் அமர்க்களமாக முடிந்தது. ஜனம் பந்திக்குப் போனது. பாண்டித்துரை மேடைக்குப் பின்னால் லேப்டாப்பைத் திறந்து முகூர்த்தப் படங்களை ஏற்றப் போனால், இடமில்லை என்று சிவப்புக் கோடு. இந்து கணக்குப் போட்டது போட்டபடியே நடந்திருந்தது. அவர் அசரவில்லை. கொள்கை எதற்கு இருக்கிறது? இணைச்சீர்ப் படங்களைத் திறந்தார். அக்கா, தம்பி, சேலை. அக்கா, தம்பி, சேலை. 'ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கதுக்கு இத்தனையா?' முகம் நேராக, கண் திறந்து, பட்டு பளிச்சென்று இருந்த ஆறை வைத்துக்கொண்டு இருநூற்று எழுபதையும் தட்டிவிட்டார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். முகூர்த்தப் படங்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு உள்ளே போயின. சனிக்கிழமைக் கார்டைத் துடைத்துக் காமிராவில் போட்டுக்கொண்டு பந்திக்குப் போனார். நாற்பது படம் எடுத்திருப்பார். கிருத்திகா வந்தாள்.

"ஏனுங்கண்ணா, சாப்புட்டீங்களா? நேத்து இணைச்சீர்ப் போட்டாவை ஒருக்காப் பாக்கலாமுங்களா? எனக்குத் தனியா ஒரு ஆல்பம் போடோணும்."

பாண்டித்துரை பெருமையோடு ஆறையும் காட்டினார். அவள் ஆறையும் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

"மத்ததெல்லாமுங்க?"

"நல்லதா எடுத்து வச்சிருக்கேம்மா."

"இல்லீங்க, அவன் என்ற பக்கம் குனிஞ்சு பேசுனானுங்களே, நான் சிரிச்சனே, அது?"

அவர் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். தம்பியும் அவளும் ஒன்றரை வருஷமாகப் பேசுவதில்லை. மாட்டுக் கொட்டகைச் சுவரை எங்கே வைப்பது என்று தொடங்கிய சண்டை, யார் முதலில் பேசுவது என்பதில் வந்து நின்றுவிட்டது. இணைச்சீருக்கு அக்கா வராமல் முடியாது என்பதால் வந்து விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். சேலையை இருவருக்கும் சேர்த்துப் போட்டதும் அவன் தலையைக் குனிந்து, "சாப்புட்டயாக்கா?" என்றானாம். அவ்வளவுதான். அவள் சிரித்துவிட்டாள்.

"தாலி கட்டறது அவனுக்கும் அவளுக்குமுங்க. இணைச்சீர் எனக்கும் அவனுக்கும்" என்றாள்.

கார்டு கெட்டுப்போச்சு என்று ஒரு பொய் பாண்டித்துரையின் நாக்கு வரை வந்தது. வேறு ஆளாக இருந்தால் சொல்லியும் இருப்பார். அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை. "நாந்தாம்மா அழிச்சேன். எடம் பத்தலன்னு அழிச்சேன். இது இவ்வளவு பெரிய சீருன்னு எனக்குத் தெரியல" என்றார். சொல்லும்போதே காது சுட்டது.

கிருத்திகா மெதுவாக, "நீங்கதானுங்க எல்லார்த்தையும் போனைக் கீழ வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இந்து பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கணவனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பாண்டித்துரையின் கை தானாக சிஜுவுக்கு போன் போட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. சிஜு வீட்டில் மீன் சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைக் கேட்டான்.

"லேப்டாப்புல அழிச்சது போச்சு அண்ணா, அதுல கிட்டாது. கார்டைத் துடைச்சாலும் அது மேல படம் எடுக்காத வரைக்கும் உள்ள கிடக்கும். எத்தனை எடுத்து?"

"நாப்பது."

"அப்ப நாப்பது போச்சு. இனி ஒண்ணுகூட எடுக்கண்டா. கார்டை வெளிய எடு! தேடி எடுக்கற சாப்ட்வேர் அனுப்பறேன். மீட்கறது வேற லேப்டாப்புல போடணும், உன்னோடதுல இடம் எங்க இருக்கு?"

அந்த நேரம் பார்த்து ஆறுமுகசாமி மேடையிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டார். "தம்பி, பொள்ளாச்சிச் சொந்தமெல்லாம் பொறப்படறாங்க, பொண்ணு மாப்பளையோட ஒரு போட்டா எடுத்துப்போடுங்க!" மேடையேறி நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். மற்றக் கார்டெல்லாம் நிரம்பிக் கிடந்தன, துடைக்க இனித் துணிவில்லை; கார்டு இல்லாத காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாண்டித்துரை திருதிருவென்று விழித்தார். சும்மா சொடுக்குவதுபோல் நடிக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இந்துதான் முன்னால் போனாள். அவள் கார்டில் இன்னும் அறுபது படத்துக்கு இடமிருந்தது. "குடும்பத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பேன், எல்லாரும் கண்ணைத் தொறந்து நில்லுங்க" என்று அறிவித்தாள். அன்றைக்கு மேடையில் ஒருவரும் கண் சிமிட்டவில்லை.

"எங்கூட்ல காலேஜுல குடுத்த லேப்டாப்பு இருக்குதுங்க" என்றாள் கிருத்திகா. "எவ்வளவு ஜி.பி.ன்னெல்லாம் தெரியாது." பக்கத்துத் தெருதான் வீடு. பட்டுச்சேலையோடு ஸ்கூட்டரில் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். திறந்து பார்த்தால் ஒரு டி.பி. உள்ளே இருந்தது நாலு கேள்வித்தாளும் ஒரு வருகைப் பட்டியலும். படம் எடுத்துப் பிழைக்கிறவன் ஐந்நூற்றுப் பன்னிரண்டில் முட்டிக்கொண்டு கிடக்க, கேள்வித்தாள் ஒரு டி.பி.யில் கால் நீட்டிப் படுத்திருந்தது. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

சாப்ட்வேர் தேடத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று காட்டியது. மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது, எச்சிலை எடுக்கிற சத்தமும் நாற்காலி மடக்குகிற சத்தமும் கேட்டன. பாண்டித்துரை சாப்பிடவில்லை. கிருத்திகாவும் பக்கத்து நாற்காலியை விட்டு எழவில்லை. புது மாப்பிள்ளை ஆனந்தகுமார் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, என்னவென்று கேட்டு, அக்காவின் பின்னால் நின்றுகொண்டான். பதினாறு வருஷத்தில் எத்தனை கல்யாணத்தில் எத்தனை ஏழுகளைத் தட்டிவிட்டிருப்போம் என்று பாண்டித்துரை எண்ணிப் பார்த்தார். எது குப்பை என்று ஒரு வீட்டிலாவது கேட்டோமா?

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து விழுந்தன. முதல் நாற்பது இல்லை. கிருத்திகாவைப் பட்டுக் கட்டி அழைத்துவந்தது முழுக்கப் போயே போய்விட்டது. அதற்கப்புறம் அவள் உட்கார்ந்திருந்தாள். சேலையைக் கொண்டுவந்தார்கள். போட்டார்கள். அடுத்த படத்தில் ஆனந்தகுமாரின் தலை குனிந்திருந்தது. கிருத்திகா கண்ணை மூடிக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கை வேறு ஆடி, படம் லேசாகக் கலங்கியிருந்தது. பாண்டித்துரையின் கணக்கில் முதலில் அழிக்கப்பட வேண்டிய படம்.

"இதானுங்க!" என்றாள் கிருத்திகா. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன், "இதுல நீ எப்படிச் சிரிக்கறே பாரு, பேய் மாதிரி" என்றான். அவள் அவன் கையில் ஒரு அடி வைத்தாள். பாண்டித்துரைக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"மொத நாப்பது போச்சும்மா. அதுக்கு நாந்தான் பொறுப்பு."

"நடந்து வந்ததுதானுங்க, போவுது உடுங்க. கெடைக்கோணுமின்னது கெடைச்சுதுங்க."

சீர்ப் படங்கள் தீர்ந்தன. சாப்ட்வேர் நிற்கவில்லை. கார்டில் சனிக்கிழமைப் படங்கள் தொட்டிராத மூலைகளில் மாதக்கணக்காகக் கிடந்ததையெல்லாம் தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தது. ஒரு ரிசார்ட்டின் நீச்சல்குளம். பனிக்குள் மங்கலாக ஒரு தேயிலைச் சரிவு. பிறகு தார்ப்பாயைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, மழையில் காமிரா முக்காலியை அணைத்துப் பிடித்தபடி ஒருத்தி. அடுத்ததில் அவளே ரோட்டோரம் குனிந்து காலில் ஏறிய அட்டைப்பூச்சியைப் பிடுங்குகிறாள். அடுத்ததில் பஸ் ஜன்னலில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்குகிறாள்.

"இது யாருங்க, நம்ம அக்காவுங்களா?" என்றாள் கிருத்திகா.

இந்து குனிந்து பார்த்தாள். வெளிச்சம் சரியா, தூரம் சரியா என்று சோதிக்க அவளை நிற்க வைத்து எடுத்தது, வேலைக்கு நடுவே சும்மா எடுத்தது. வந்து விழுந்ததில் இருபதுக்கு மேல் அவள்தான். அத்தனையையும் அன்றன்றைக்கே சாயங்காலம் தட்டிவிட்டிருந்தார். ஊர்க் கல்யாணமெல்லாம் எடுக்கிற வீட்டில், தன் கல்யாணத்துக்கு அப்புறம் அவள் படம் என்று இருப்பது ஆதார் கார்டில் இருப்பது ஒன்றுதான்.

"இவ்வளவு எடுத்தீகளா என்னைய?" என்றாள் இந்து. கோபமா சந்தோஷமா என்று குரலில் பிடிபடவில்லை.

"கஸ்டமர் படத்துக்கு எடம் வேணும்லா..." என்று தொடங்கி, அதை முடிக்க வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

"இதெல்லாம் இதுலயே இருக்கட்டுமுங்க, எடந்தான் கெடக்குதே. ஆனைகட்டி வேலை முடிச்சுட்டு வந்து நெதானமா எடுத்துக்குங்க" என்று கிருத்திகா சொல்லிவிட்டு, சாப்பிடாமல் இருந்த இருவருக்கும் இலை போடச் சொல்ல எழுந்துபோனாள்.

பாண்டித்துரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை பழக்கத்தில் அந்தப் பஸ் படத்துக்குப் போய் நின்றது. "இந்தத் தூங்குற படத்தையுமா வச்சிக்கிடணும்? வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கியே."

"வையுங்க" என்றாள் இந்து. "நான் தூங்குறதை நான் எப்பப் பாத்தேன்?"