பத்துப் பேர் போட்ட கையெழுத்து

கடையைப் பற்றி மட்டும் இவர் பேசிவிடக் கூடாது. வேறு எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். மிரட்டட்டும், கெஞ்சட்டும், நாலு பேர் பார்க்க ஏசிவிட்டுக்கூடப் போகட்டும். அன்றைக்கு நான் நின்ற நிலையை எடுத்து என் முன்னால் வைத்துவிடக் கூடாது. வைத்தால் எனக்கு வாய் எழாது.

இப்படி நினைத்துக்கொண்டேதான் ஜெராக்ஸ் அக்கா முக்காலியைத் துடைத்துக் கவுன்சிலருக்கு எடுத்துப் போட்டாள்.

மாநகராட்சி அலுவலகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சரிவான இடம்தான் அவள் கடை. ஒரு நகல் இயந்திரம், படிவங்கள் அடுக்கிய தட்டுகள், நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா. எழுதத் தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் படிவத்தைக் கண்டால் கை நடுங்குகிறவர்களுக்கும் அவள்தான் நிரப்பிக் கொடுப்பாள். உள்ளே வரும்போது கவுன்சிலருக்குத் தலை நன்றாகவே இடித்துவிட்டது.

"என்னம்மா, என் மண்டையை உடைக்கணும்னே இந்த இடத்துல இருக்கியா?"

இதோ வந்துவிட்டது என்று அவளுக்குத் திக்கென்றது. ஆனால் அவர் தலையைத் தடவியபடி உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

மூலையில் தாள்களைப் பின் அடித்துக்கொண்டிருந்த நாத்தனார் விடவில்லை. "பழகிடும்ணே. தேர்தல் முடிஞ்சா நீங்களும் படிவம் நிரப்ப இங்கதானே வரணும்?"

"உன் நாத்தனார் வாய்க்குத் தனியா ஒரு வார்டு ஒதுக்கணும்மா" என்றார் கவுன்சிலர். மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மூவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒன்றே முக்கால். வேட்புமனுவை வாபஸ் வாங்க மூன்று மணிவரைதான் நேரம். பதினைந்து வருஷமாக வார்டைக் கையில் வைத்திருக்கிற அவரை எதிர்த்து இந்தத் தடவை நிற்பது அவள் ஒருத்திதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் பழுது பார்க்கப் போன அவள் கணவன் திரும்பவில்லை. பிணவறை வாசலில் இரண்டு நாள் அவளோடு நின்றவர் இந்த மனிதர்தான். சொந்தக்காரர்கள் சாப்பிடப் போன நேரத்திலும் அவர் நகரவில்லை. அப்புறம் இந்த மாடிப்படி இடத்துக்கான விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினார். அதன்பின் ஒரு நாள்கூட, யாரிடமும், ஜாடையாகக்கூட அதைச் சொன்னதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் அவளுக்கு அவர் முகம் வந்துவிட்டுத்தான் போகும்.

அப்படிப்பட்டவரை எதிர்த்து நிற்பாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை. சந்தையில் விடிவதற்கு முன்னால் வந்து உட்காரும் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஒதுங்க இடமில்லை என்பதற்காக மத்தியானம்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் காய் விற்பார்கள். கழிப்பறை கேட்டு அவர்கள் தந்த மனுவைப் பதினோராவது தடவையாகத் தேதியை மட்டும் மாற்றி அவள் அச்செடுத்தபோது, வெங்காயக்காரி கேட்டாள்: "ஏன்க்கா, வருஷம் பூரா தேதியையே மாத்திக்கிட்டு இருக்கோமே, இதை உள்ள எடுத்துட்டுப் போய்ப் பேச ஒரு ஆள் வேணும்ல? நீயே போயேன்." விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்டது போகவில்லை, அவளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

கவுன்சிலர் சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். "முதல்ல இதைப் படி."

சந்தைக் கழிப்பறைக்கான உத்தரவு. ஆறு அறை, மேலே தண்ணீர்த் தொட்டி, ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள். தாழ்ப்பாள்! மனுவின் கடைசி வரியில் அவள் சேர்த்திருந்த வார்த்தை அது. அப்படியென்றால் இவர் கடைசி வரிவரை படித்திருக்கிறார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீ ஒதுங்கிட்டா போட்டியே இல்லை. திங்கக்கிழமை வேலையை ஆரம்பிச்சுடுவேன். நின்னேன்னா, தேர்தல் முடியட்டும்னு மேல இருக்கிறவங்க நிறுத்தி வச்சிருவாங்க. அப்புறம் எப்பன்னு எனக்கே தெரியாது." முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "இது எனக்குக் கடைசித் தடவைம்மா. தெருத் தெருவா நடக்கக் கால் ஒத்துழைக்கலை. எனக்காகச் செய்யேன்."

இரண்டாவது தாள் வாபஸ் படிவம். யாரோ அவசரத்தில் நிரப்பியிருந்தார்கள். பழக்க தோஷம், அவள் கண் தப்பைத் தேடிப் போயிற்று.

"இதை யாருண்ணே எழுதினது? மனு எண் போட வேண்டிய இடத்துல தேதியைப் போட்டிருக்காங்க. கவுன்ட்டர்ல மூஞ்சில விட்டெறிவாங்க."

தட்டிலிருந்து புதுப் படிவம் ஒன்றை உருவினாள். தன் உருண்டைக் கையெழுத்தில் பெயர், வார்டு, மனு எண் என்று வரிசையாக நிரப்பத் தொடங்கினாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?" நாத்தனார் எழுந்தேவிட்டாள்.

அவள் நிமிரவில்லை. இந்த மனிதருக்கென்று இதுவரை ஒரு படிவம்கூட அவள் நிரப்பிக் கொடுத்ததில்லை. அவருக்குத் தேவைப்பட்டதில்லை. கை தன்போக்கில் எழுதியது. ஒவ்வொரு கட்டமும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரம்பிற்று. கடைசியில் கையொப்பம் என்று போட்டிருந்த இடத்தில் பேனா நின்றது.

வேட்புமனுவை முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும் என்றதும் சந்தையிலிருந்து பத்துப் பெண்கள் கைகழுவிவிட்டு வந்து நின்றது நினைவுக்கு வந்தது. வெங்காயக்காரி தன் பெயரை எழுத அரை நிமிஷம் எடுத்துக்கொண்டாள். எழுதி முடித்ததும் தாளைத் தூக்கிப் பார்த்து, "இதுவரைக்கும் எதையாவது வாங்குறதுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா. ஒருத்தரை அனுப்பி வைக்கிறதுக்கு இப்பதான் போடுறேன்" என்றாள்.

ஜெராக்ஸ் அக்கா நிமிர்ந்தாள். கவுன்சிலர் தலையில் இடித்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். சொல்வதற்கு அவரிடம் ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. அதைச் சொன்னால் அவள் போட்டுவிடுவாள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. செத்தாலும் சொல்ல மாட்டார் என்று அவளுக்குப் புரிந்தபோது, இத்தனை நேரம் பயந்துகொண்டிருந்ததற்காக வெட்கமாக இருந்தது.

"அண்ணே, இந்த இடம் நீங்க வாங்கிக் கொடுத்தது."

"அதை எதுக்கும்மா இப்ப..." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க சொல்ல மாட்டீங்க. அதான் நான் சொல்றேன். நான் உக்காந்திருக்கிறது, என் பொண்ணு படிக்கிறது எல்லாம் நீங்க அன்னைக்கு ஏறி இறங்கினதுதான். என்னோடது எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துருவேன்ணே."

"அப்ப கையெழுத்தைப் போட்டுடேன்."

"இது என்னோடது இல்லையே. பத்துப் பேர் போட்டது. அதை நான் எப்படி அழிக்க?"

அவர் உத்தரவைச் சுட்டிக் காட்டினார். "அந்தப் பத்துப் பேருக்குத்தானே இதுவும்?"

அந்தக் கேள்வி சரியாகத்தான் போய்த் தைத்தது. உத்தரவில் தாழ்ப்பாள் என்றிருந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

"திங்கக்கிழமையே ஆரம்பிக்கப் பாருங்கண்ணே. நிறுத்தினாங்கன்னா நானும் உங்ககூட மாடி ஏறி வர்றேன். நீங்கதான் கட்டினீங்கன்னு நான் ஓட்டுக் கேக்கப் போற வீட்லயும் சொல்வேன்."

"அது தேறாத வேட்பாளர் பண்ற வேலைண்ணே, இவங்க பண்ணுவாங்க" என்றாள் நாத்தனார்.

கவுன்சிலர் அரைச் சிரிப்புச் சிரித்தார். பேனாவை நூலோடு இழுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "கடைசியாக் கேக்குறேன்மா."

பிழையில்லாமல் நிரப்பிய படிவத்தையும் உத்தரவையும் சேர்த்து மடித்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். கையொப்பத்தின் இடம் வெறுமையாகவே இருந்தது.

"பார்த்துக் குனிஞ்சு போங்கண்ணே" என்றாள். "இடிச்சுக்காதீங்க."