நாற்பத்து மூன்று குடும்பங்களும் ஒரு சுளகும்

1986 வைகாசியில், கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத் திட்டக் கந்தோர் ஒன்றில், கொம்பியூட்டரிலிருந்து அழிந்துபோன நாற்பத்து மூன்று குடும்பங்கள் சுளகில் புடைத்து மீட்கப்பட்டன. அன்று காற்று மிதமாக வீசியது.

எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடிவந்து, ஆளுக்கு இரண்டேக்கர் காணிக்கு ஒன்பது வருடமாகக் காத்திருந்த குடும்பங்கள் அவை. பெயர்களெல்லாம் ஒரு மெல்லிய கறுப்புப் பிளொப்பித் தட்டில் பதிவாகியிருந்தன. கொம்பியூட்டர்தான் வந்துவிட்டதே என்று, கடதாசிப் பட்டியலைக் கிளார்க் சிற்றம்பலம் கடலை விற்கும் கச்சான்காரிக்குச் சுருள் சுற்றக் கொடுத்திருந்தார். மேலதிகாரி கையொப்பமிட வருவதற்கு முதல்நாள், தட்டெழுத்தாளர் விமலேஸ்வரிக்கு எழுதி அந்தத் தட்டிலேயே ஒளித்து வைத்திருந்த காதல் கடிதத்தை அழிக்கப் போய் எல்லாவற்றையும் அழித்தார். உறுதியா என்று கொம்பியூட்டர் கேட்டது. ஓம் என்று அமத்தினார்.

தன் பெயர் இருக்கிறதா என்று கிழமைக்கொருதரம் பார்த்துப் போகும் அமராவதி அன்றும் வந்தாள்.

“அழிஞ்சுபோச்சுது அக்கா. என்ரை கைதான். இனி அடுத்த வருசம் பாப்பம்.”

“அழிஞ்சா எங்கங்கய்யா போகும்? அதுக்குள்ளதான் கெடக்கணும். குடுங்க, பொடைச்சுப் பாப்போம்.”

“இது நெல்லில்லை அக்கா.”

“நீங்க நெல்லு பொடைச்சிருக்கீங்களா?”

“சோறு திண்டிருக்கிறன்.”

கந்தோர் வாசலில் தட்டைத் தன் சுளகிலிட்டுப் புடைத்தாள். வெறும் எழுத்துகள் சப்பிப் பதராகப் பறந்து வேலியில் ஒட்டின. ஆண்டியப்பன், சங்கிலி, வடிவம்மா என்று கனமான பெயர்கள் அடியில் தங்கின. சிற்றம்பலம் எண்ணினார். நாற்பத்திரண்டு. இல்லாதது அமராவதியின் பெயர். அவள் தட்டைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். நடுத்துளையில் சிக்கிக் கிடந்த பெயர் விழுந்தது. அது பறந்துவிடக் கூடாதென்று முகத்தை மறுபக்கம் திருப்பி, ஒன்பது வருட மூச்சை விட்டாள்.

கடிதமும் கனமானதாகையால் தங்கிவிட்டது. பெயர்களோடு சேர்த்து அதையும் அள்ளித் தட்டில் போட்டார்கள்; அச்சிட்டபோது கடைசிப் பக்கமாக வந்தது. மேலதிகாரி வாசிக்காமல் எல்லாப் பக்கத்திலும் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று கையொப்பமிட்டார். “பெரியவரே கையொப்பம் வைச்சபிறகு நான் என்னத்தைச் சொல்லுறது?” என்றாள் விமலேஸ்வரி. ஆவணியில் கலியாணம் நடந்தது.

அவ்வருடச் சொத்துப் பதிவேட்டில் கொம்பியூட்டர் ஒன்று, சுளகு ஒன்று என்று எழுதப்பட்டது. அரச சொத்தானதால் சுளகு அமராவதிக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஒவ்வோர் அறுவடைக்கும் கந்தோருக்கு வந்து, கையெழுத்து வைத்து, அதை இரவலாக எடுத்துக்கொண்டு தன் இரண்டேக்கருக்குப் போவாள்.