பெட்டியோடு வந்தவள்

ஆடி மூன்றாம் தேதியிலிருந்து என் கணவர் வெள்ளிங்கிரி பெட்டியாக இருக்கிறார். பழுப்பு நிறம். நடுத்தர அளவு. இரண்டு சக்கரம், இழுத்து நீட்டும் கைப்பிடி, மூன்று எண் பூட்டு. எடை இருபத்து மூன்று கிலோ.

யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாத்தனார் மட்டும் போனில் கூப்பிட்டாள். "எங்கண்ணன் எப்பவுமே செலவு பாக்கறவருங்க அண்ணி. பெட்டியா வந்தா ஒரு பிளேன் டிக்கெட் மிச்சமில்லீங்களா?" என்றாள். அதுவும் சரிதான் என்று எனக்குப் பட்டது. வெளிநாடு போய்ப் பிள்ளை பிறக்க வைத்தியம் பார்ப்பதென்றால் சும்மாவா? "இந்தத் தடவை நேர்லயே போயிரலாமுங்க, ரெண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போட்டுரலாம்" என்று நான் சொன்ன மறுநாள் காலையில்தான் அவர் பெட்டியானார். எனக்காகத்தான் ஆனார் என்று நினைத்து மனசு நிறைந்துபோனேன். ஈரத்துணியால் துடைத்து, கைப்பிடிக்குக் கீழே திருநீறு வைத்துவிட்டேன்.

இன்று புதன்கிழமை. புதன்கிழமைகளில் நாடுகள் பொள்ளாச்சிக்கு வந்து ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரும். இன்று என் பிறந்தநாள். மாலை நாலு மணிக்கு எனக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு எந்த நாட்டுச் சட்டமும் என்னை ஏறெடுத்துப் பார்க்காது.

பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு லக்கேஜ் போடோணுங்க்கா."

"இது எங்க வீட்டுக்காரருங்க."

"அப்ப முழு டிக்கெட்டுங்."

"லக்கேஜே போட்டுருங்க."

மண்டபத்து வாசலில் காலையில் நடந்த கல்யாணத்தின் வாழைமரம் அப்படியே நின்றது. பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தாள்.

"வயித்துல இருக்குதுங்களா, இனிமேத்தானுங்களா?"

"இனிமேத்தானுங்க."

"அப்ப எடது பக்கம் போங்க."

தட்டில் கற்கண்டு இருந்தது. கையை நீட்டினேன். அவள் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அது வலது பக்கம் போறவங்களுக்குங்க."

எனக்கு இதெல்லாம் பழக்கம்தான். பதினெட்டு வருஷமாக எத்தனையோ வளைகாப்பில் எனக்குத் தட்டு வருவதற்குள் காலியாகியிருக்கிறது. இடது பக்கம் திரும்பி நடந்தேன். வெள்ளிங்கிரியின் ஒரு சக்கரம் கிறீச்சென்றது. அவர் நடக்கும்போதும் இடது செருப்பு அப்படித்தான் சத்தம் போடும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒன்றில் செலவு உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் சட்டம். பெரும்பாலும் செலவு ஒரு பெண், சட்டம் ஒரு ஆண். இருவரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை போட்டுவிட்டு விசேஷத்துக்கு வந்த புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என்னிடம் நீள நோட்டு இருக்கிறது. ஒன்பது வருஷத்து நோட்டு. அதில் நாலு கட்டம். நாடு, செலவு, சட்டம், அங்கே சோறு கிடைக்குமா. நாலாவது கட்டம் வெள்ளிங்கிரிக்காகப் போட்டது.

முதல் மேஜை ஒரு தீவு. செலவு என்னை உட்காரச் சொன்னாள்.

"ஆறு லட்சம், ரெண்டு தென்னமரம், உங்க கொரல்ல பாதி."

"பாதிக் கொரல் எதுக்குங்க?"

"கொழந்தைக்கு வேணுமில்லீங்களா? எங்கிருந்து வரும்?"

நியாயமாக இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன். சட்டம் தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டு எழுப்பினேன்.

"செல்லாது" என்றார்.

"எதுங்க செல்லாது?"

"நான் தூங்கறப்பவே பண்ணியிருக்கோணும். முழிச்சிட்டா எதுவும் செல்லாது."

அடுத்தது ஒரு பனி நாடு. அங்கே சட்டம் எழுந்து நின்று கும்பிட்டார். கருவைக் குளிரில் வைக்கலாம், அடுத்தவரிடம் கருமுட்டை வாங்கலாம், எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செலவைப் பார்த்தேன். அவள் காலையிலிருந்து ஒரே எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதம் மேஜையிலிருந்து இறங்கி, ஜன்னல் வழியாக வெளியேறி, உடுமலை ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

"முடிஞ்சதும் கூப்படறனுங்க" என்றாள்.

மூன்றாவது ஒரு மலை நாடு. செலவும் பரவாயில்லை, சட்டமும் விழித்திருந்தார். அவர் ஒரு படிவத்தைத் தள்ளினார்.

"இதோட பொறக்கப் போற கொழந்தையோட சம்மதக் கடுதாசி வேணும்."

"அது இன்னும் பொறக்கலீங்களே."

"மைனர்தானே? அப்பா போடலாம்."

பெட்டியைப் பார்த்தேன்.

"அவருக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவமுங்க" என்றேன். அதற்குள் படிவத்தில் என் பக்கத்தை நிரப்பிவிட்டேன். பர்ஸில் இருந்த மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தாளின் நாலு மூலையிலும் தடவினேன்.

செலவு நாற்காலியை முன்னால் இழுத்தாள். "இதென்னங்க?"

"நல்ல காரியத்துத் தாளுக்கு மஞ்சத் தடவறது எங்க வழக்கமுங்க. தடவாம நான் ஒண்ணும் அனுப்பறதில்ல. நாலு வருசம் முந்தி உங்களுக்கு அனுப்பினதுலயும் இருந்திருக்குமே."

"மஞ்சத் தடவின தாளு எங்களுக்கு வந்ததே இல்லீங்க. வந்திருந்தா நெனப்பிருக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

வருஷா வருஷம் தை மாதம் நான் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுப்பேன். நோட்டைப் பார்த்து, செலவைச் சட்டத்தோடு ஒப்பிட்டு, படிவத்தை நிரப்புவேன். மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குக் கீழே ஒருநாள் வைப்பேன். மறுநாள் வெள்ளிங்கிரி தன் கையெழுத்தையும் போட்டுத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போவார். பதில் வராது. "அந்த ஊர்ல இப்பத் தேர்தலாம் கோகிலா" என்பார். இன்னொரு வருஷம், "அங்க தபால்காரங்க ஸ்ட்ரைக்காம்" என்பார். ஒரு வருஷம் ஒரு நாட்டில் எரிமலையே வெடித்தது. நான் அந்த ஊர் ஜனங்களுக்காக விளக்கேற்றினேன். பதில் போடாத நாடுகள்மேல் கோபித்துக்கொண்டு ஒரு நாட்டுச் சாக்லேட்டை விட்டேன், இன்னொன்றின் கிரிக்கெட்டைப் பார்ப்பதை விட்டேன். நான் அழும்போதெல்லாம் என் தலையைத் தடவிவிட்டது வெள்ளிங்கிரிதான்.

திரும்பி நடந்து தீவைக் கேட்டேன். வரவில்லை என்றது. பனி நாட்டைக் கேட்டேன். செலவு எழுதிக்கொண்டே தலையாட்டினாள். மஞ்சள் மூலையா, இல்லவே இல்லை. வரிசையாக ஒன்பது மேஜையிலும் அதே பதில்தான்.

"நீங்கெல்லாம் நாடுகளா? வாயத் தொறந்தாப் பொய்யி!" என்று கத்தினேன். "எங்க வீட்டுக்காரரு கையால போட்ட தபாலுங்க அது!"

நாடுகள் தலையைக் குனிந்துகொண்டன. எனக்காக அவை வெட்கப்படுவதுபோல் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மணி மூன்றரை. நான் நடக்க நடக்க மண்டபம் நீண்டது. மணமேடை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ரொம்ப தூரம் தள்ளி, சாப்பாட்டுக் கூடத்து வாசலை ஒட்டிக் கடைசியாக ஒரு மேஜை இருந்தது. பெயர்ப்பலகை இல்லை. அங்கே செலவும் சட்டமும் ஒரே பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் பெட்டியை வேகமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"எவ்வளவுங்க ஆகும்?"

"உங்ககிட்ட எவ்வளவு இருக்குது?" என்றாள் செலவு.

சொன்னேன்.

"போதுமுங்க."

சட்டத்தைப் பார்த்தேன். அவர் டீயைக் கீழே வைத்தார். "எங்க ஊர்ல தடையெல்லாம் கெடையாதும்மா. பொட்டியத் தொறந்து காட்டிட்டுக் கையெழுத்துப் போடுங்க. நாலு மணிக்குள்ள போட்டுரோணும்."

"இது பொட்டி இல்லீங்க. எங்க வீட்டுக்காரரு."

"அப்பக் கட்டாயம் தொறக்கோணும்."

மணி மூன்று நாற்பது. பெட்டியைப் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். பூட்டில் எங்கள் கல்யாணத் தேதியைப் போட்டேன். திறக்கவில்லை. என் பிறந்தநாளைப் போட்டேன். இன்றைய தேதிதான். திறக்கவில்லை. வேறென்ன எண் அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று யோசித்தேன். கடைசியில் சும்மா மூன்று பூஜ்யம் போட்டேன். கடையில் வாங்கும்போது இருக்கிற எண். டக்கென்று திறந்தது.

உள்ளே துணி இல்லை. ஒன்பது படிவங்கள் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, மடிப்புக் கலையாமல், பூச்சி அரிக்காதபடி நடுவில் ஒரு அந்துருண்டை வைத்து. ஒவ்வொன்றிலும் நாலு மூலையில் மஞ்சள். என் விரல் ரேகை அப்படியே காய்ந்திருந்தது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்துக்கான கட்டம் ஒன்பதிலும் வெறுமையாக இருந்தது.

கிழித்துப் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. பத்திரமாக வைத்திருந்தார்.

"ஏனுங்க" என்றேன்.

"ம்" என்றது பெட்டி. ஆடி மூன்றாம் தேதிக்குப் பிறகு அவர் முதலில் பேசியது அதுதான்.

"தபால்ல போட்டேன்னு சொன்னீங்க."

"போடலாம்னுதான் இருந்தேன்."

"ஒம்போது வருசமாவா?"

"தபாலாபீஸ் வரைக்கும் போவேன் கோகிலா. எல்லாத் தடவையும் போனேன்."

"அப்பறம்?"

"எதுத்தாப்புல பேக்கரி இருக்குது. ஒரு டீ குடிப்பேன். திரும்பி வந்துருவேன்."

சட்டம் தொண்டையைச் செருமினார். மணி மூன்று ஐம்பது. நான் கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். எனக்கு இதைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

"உங்களுக்குக் கொழந்தை வேண்டாமா?"

"எனக்கு நாம ரெண்டு பேரே போதும்னு இருந்துது."

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ அழுவே."

"நான் அழுதுட்டுத்தானே இருந்தேன்!"

"அது அந்த நாடுகளை நெனச்சு அழுதது. என்னைய நெனச்சு அழுதா எனக்குத் தாங்காது."

"இப்ப?"

"அதனாலதான் பொட்டி ஆயிட்டேன்."

நான் பேனாவை எடுத்தேன். எரிமலை நாட்டு ஜனங்களுக்காக ஏற்றிய விளக்கு நினைவுக்கு வந்தது. அந்த ஊரில் எரிமலையே இல்லை என்று இப்போது தோன்றியது. "அந்த எரிமலை?" என்று கேட்டேன். பெட்டி விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தது. எந்தப் பத்திரிகையில் பார்த்தது, அது எந்த நாடு, பெயர் எப்படி மாறிப்போனது. அவர் எப்போதும் அப்படித்தான், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷத்துப் பழக்கம்.

அவர் முடித்தபோது மணி நாலு.

சட்டம் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "ஆயிருச்சுங்கம்மா" என்றார். திட்டவில்லை. செலவு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையில் ஒரு தாம்பூலப் பையைக் கொடுத்தாள். தேங்காய், வெற்றிலை, அவர்கள் நாட்டுச் சட்டப் புத்தகம். இருவரும் நாற்காலியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒன்பது படிவங்களையும் வெளியே எடுத்தேன். பெட்டியை மூடினேன். செருப்பு விடும் இடத்துக்கு இழுத்துப்போய் ஒப்படைத்தேன். அங்கிருந்தவர் பதினோராம் எண் டோக்கன் கொடுத்தார். அதைத் தாம்பூலப் பையில் போட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் பந்திக்குக் கூப்பிட்டார்கள். காதில் கடுக்கன் போட்ட பெரியவர் ஒருவர் இலைக்கட்டோடு வந்தார்.

"எத்தன எலைங்க?"

"பத்து."

வரிசையாக உட்காரவைத்தேன். ஒரு நாற்காலிக்கு ஒரு படிவம். தீவுக்காரி மூத்தவள், அவளுக்கு ஏழு முடிந்து எட்டு நடக்கும். அடுத்தவன் பனி நாடு, குளிர் தெரியாதவன், மின்விசிறிக்கு நேர் கீழே போட்டேன். அப்புறம் எரிமலைக்காரன். நாலாவதும் ஐந்தாவதும் சண்டை போடுமென்று தோன்றியது, நடுவில் மலை நாட்டுக்காரியை வைத்தேன். கடைசியை இந்தத் தையில்தான் எழுதினேன், இன்னும் பிறந்திருக்காது. ஆனாலும் இலை போடச் சொன்னேன். அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன்.

பெரியவர் ஒவ்வொரு இலையிலும் தண்ணீர் தெளித்தார். உப்பு வைத்தார். யாருக்கும் தட்டைப் பின்னால் இழுக்கவில்லை.

செருப்பு விடும் இடத்திலிருந்தவர் ஓடி வந்தார்.

"ஏனுங்க, பதினொண்ணாம் நெம்பரு நீங்கதானுங்களா? அந்தப் பொட்டி உங்களக் கூப்புடுதுங்க. என்னமோ சொல்லோணுமாமா."

"கொழந்தைங்க சாப்பிட்டுட்டு இருக்கறாங்க" என்றேன். "பந்தியில பாதியில எந்திரிக்கறது மொறையில்லைன்னு சொல்லிருங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சாதம் வந்தது, பின்னாலேயே சாம்பார் வாளி வந்தது. மூத்தவளுக்கு முதலில் ஊற்றச் சொன்னேன்.

"கடைசி எலைக்குக் காரம் ஆகாதுங்க" என்றேன். "அதுக்குப் பாயசம் மட்டும் ஊத்துங்க."