வண்டிக்கு ஒன்பது சென்ட்

அந்த ஆண்டு ஏப்ரல் பதினொன்றாம் தேதி முதல், வெல்பியில் டோரீன் பிலிப்சுக்கின் கொட்டகையில் கழுவப்பட்ட எந்த வண்டியும் மண்சாலையில் சக்கரத் தடம் பதிக்கவில்லை. அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் பத்து நாட்களுக்குள் ஊரை விட்டுப் போனார்கள். முதலில் போனவர் பல் மருத்துவர். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சஸ்காச்சுவான் மாகாணத்தின் சிற்றூர் எதிலும் பல் மருத்துவர்கள் நிலைத்ததில்லை.

ஊருக்கு வேலை கொடுத்துவந்த பொட்டாஷ் உர உப்புச் சுரங்கம் முந்தைய இலையுதிர் காலத்தில் மூடியிருந்தது. டோரீனின் கணவன் எமில், மேற்கே பீச் பழம் விளையும் கெலோனாவில் இருக்கும் தன் அண்ணனிடம் போய்விடத் துடித்துக்கொண்டிருந்தான். டோரீனோ அந்தக் கொட்டகைக்குத் தன் கையால் சிமென்ட் போட்டவள். கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். செப்டம்பர் வரை கொட்டகை சொந்தக் காலில் நின்றால் எமில் இருப்பான், இல்லையென்றால் இருவரும் கிளம்புவார்கள். கொட்டகை என்பது இரண்டு அறைகள், நாணயம் போடும் பெட்டி, தண்ணீர்த் துப்பாக்கி, நுரை கக்கும் தூரிகை, அவ்வளவுதான். வருகிறவர்களே காசு போட்டுக் கழுவிக்கொண்டு போவார்கள். அதில் வெந்நீர்ச் செலவைக் குறைக்க வழியில்லை, குறைக்கக்கூடியது சோப்பு ஒன்றுதான்.

அதிலும் அவள் சூடு பட்டிருந்தாள். இருப்பதிலேயே மலிவான பீப்பாயை வாங்கியபோது, வெல்பியின் கிணற்று உப்புநீரில் நுரை எழும்பவே இல்லை. இரண்டு மடங்கு ஊற்றியும் கண்ணாடியெல்லாம் வெள்ளைத் திட்டுகள். அடுத்து வாங்கிய அமிலம் சேற்றோடு சக்கரத்தின் பளபளப்பையும் தின்றது. பனித்தரையில் கல் சறுக்கி விளையாடும் கர்லிங் சங்கத்தின் தலைவர் தன் நான்கு சக்கரங்களையும் கழற்றி வந்து அவள் வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு டோரீன் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை செய்தாள். ஏழு கண்ணாடி ஜாடிகளில் கிணற்று நீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு சோப்பு மாதிரியைச் சொட்டுவிட்டுக் குலுக்கி, சமையலறை ஜன்னலில் வைத்து நுரை எவ்வளவு நேரம் நிற்கிறதென்று பார்த்தாள்.

“என்ன, வெள்ளரிக்கா ஊறுகாயா?” என்பான் எமில். “குளிர்காலத்துக்கு ஆகுமா?”

“உன் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புறேன், ஓரமா போ.”

ஏழாவது ஜாடியில் இருந்தது, கார்ட் என்ற விற்பனைக்காரர் கொடுத்துவிட்டுப் போன சோப்பு. அதன் நுரை திங்கள் முதல் வியாழன் வரை அப்படியே நின்றது.

“பீப்பாய் விலையப் பாக்காதீங்க டோரீன், எல்லாரும் பண்ற தப்பு அது,” என்றார் கார்ட். “ஒரு வண்டிக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. ஒரு பங்குக்கு முந்நூறு பங்கு தண்ணி கலக்கலாம்.”

“சக்கரத்தைத் தின்னுமா?”

“வண்டியில ஒரு கீறல் விழாது. வண்டிக்குச் சொந்தமில்லாததை மட்டும்தான் எடுக்கும்.”

வண்டிக்கு முப்பத்தொரு சென்ட் ஆகிக்கொண்டிருந்த சோப்புச் செலவு ஒன்பது சென்டுக்கு இறங்கியது. ஏப்ரலில் அந்த ஊரின் களிமண் கோந்து மாதிரி ஒட்டும். புதிய நுரை பட்டதும் அது சட்டையைக் கழற்றுவது போல ஒரே தோலாக உரிந்து, தரையில் உள்ள சேற்றுக்குழிக்குள் போனது. கழுவிய வண்டியைத் தொடாமல் தூசி விலகிப் போனது, பனி அதன் மேல் விழாமல் பக்கத்தில் விழுந்தது. பல் மருத்துவருக்குப் பின் தபால்காரர் குடும்பம், பிறகு இரண்டு ஆசிரியைகள், பிறகு பாதிரியார். ஜூனுக்குள் நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் தடமில்லாமல் கிழக்கும் மேற்குமாகப் போயின. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள்.

சேற்றுக்குழியை உறிஞ்சி எடுக்க மூஸ் ஜா நகரிலிருந்து லாரி கொண்டுவரும் வேர்ன், குழாயை உள்ளே விட்டவர் உடனே வெளியே இழுத்துச் சுருட்டினார்.

“உள்ள பாதிரியார் பிரசங்கம் பண்ணிட்டிருக்காரு. நான் சேறு அள்ளத்தான் வந்தேன், ஊரை அள்ள இல்ல.”

டோரீன் குழியை மூடிய இரும்பு வலைமேல் மண்டியிட்டுக் காது கொடுத்தாள். தபால்காரர் தன் நாயை அதட்டுவதும், ஆசிரியைகள் வாய்ப்பாடு சொல்வதும் தெளிவாகக் கேட்டன. ஊரை விட்டுப் போனவர்களில் ஊரோடு ஒட்டியிருந்த பங்கு, சேற்றோடு உரிந்து இங்கே தங்கியிருந்தது. பழைய சோப்பில் ஒரு பீப்பாய் இன்னும் கிடங்கில் இருந்தது, சோப்பு ஏறும் குழாயை மாற்றிச் செருகுவது இரண்டு நிமிட வேலை. குழாயைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றாள். முப்பத்தொரு சென்டுக்குத் திரும்பினால் ஆகஸ்டில் கொட்டகை மூடும், எமில் கிளம்பிவிடுவான். போகிறவர்கள் எப்படியும் போவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குழாயை இருந்த இடத்திலேயே விட்டாள். அன்று முழுவதும் அவளுக்கு யார் முகத்தையும் பார்க்க வெட்கமாக இருந்தது.

எமிலின் டிரக்கை மட்டும் கழுவக் கூடாதென்று தடை போட்டாள். சேறு மேல் சேறாக ஏறி அது என்ன நிறமென்றே மறந்துபோனது. சோப்புக்காரி புருஷனின் வண்டிதான் ஊரிலேயே அழுக்கு என்று காபிக் கடையில் மீதமிருந்த ஐந்து பேர் சிரித்தார்கள். எமிலும் சேர்ந்து சிரித்தான்.

செப்டம்பர் கடைசிச் செவ்வாயன்று, பக்கத்து ஊர் வண்டிகளும் வந்ததில் கொட்டகை சொந்தக் காலில் நின்றுவிட்ட கணக்கை அவனிடம் காட்டலாமென்று டோரீன் மதியம் வந்தாள். இரண்டாம் அறையில் டிரக் நின்றது. அது சிவப்பு.

“எமில், நிறுத்து.”

“காசு போட்டுட்டேன் டோரி. இன்னும் நாலு நிமிஷம் ஓடும்.”

“அது என்ன பண்ணும்னு உனக்குத் தெரியாது.”

“ஊருக்கே தெரியும். பின்ன எதுக்கு வரிசைல நின்னாங்கன்னு நெனச்ச?” அவன் தண்ணீர்த் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. “எல்லாரும் போகத்தான் வந்தாங்க. விட்டுட்டுப் போக மனசு வராதவங்களுக்கு இது உதவிச்சு.”

“இருக்கேன்னு சொன்னியே.”

“சொன்னேன். நீ ஜெயிச்சுட்ட. ஆனா என்னால இங்க இருக்க முடியல. இது இல்லாம உன்னை விட்டுட்டுப் போகவும் தெம்பில்ல.”

பம்பை நிறுத்தும் பொத்தான் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை அழுத்தவில்லை. நான்கு நிமிடமும் ஓடி முடிந்தது. ஒன்பதாம் நாள் டிரக் தடமில்லாமல் மேற்கே போனது.

அக்டோபரில் எமில் கெலோனாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். முன்பின் தெரியாதவளிடம் பேசுவது போல மிக மரியாதையாக, வெல்பியில் வானிலை எப்படி இருக்கிறது என்று விசாரித்து, நன்றி சொல்லி வைத்தான். டோரீனின் சொந்தக் கார் மீது கதவு திறக்க முடியாத அளவுக்குச் சேறு கட்டியிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. பீப்பாயில் இன்னும் முக்கால்வாசி இருந்தது.

காலை ஏழு மணிக்குக் கொட்டகையைத் திறந்து, விளக்கைப் போட்டு, குழியருகே நாற்காலியில் உட்காருவாள். கீழே பிரசங்கம் முடிந்து, நாய் அடங்கியதும், பழகிய ஓர் இருமல் கேட்கும்.

“டோரி, காபி இருக்கா?”

“இருக்கு,” என்பாள். தன் கோப்பையில் பாதியை, அவனுக்குப் பிடித்தபடி சர்க்கரை போடாமல், வலைக்குள் ஊற்றுவாள்.

“ஆறிப்போச்சு,” என்று கீழிருந்து குறைபட்டுக்கொள்வான் எமில். அவள் உள்ளே போய்ச் சூடாக எடுத்து வருவாள்.