கையெழுத்துக்குப் பிறகு சாப்பாடு

ஓய்வுபெற்ற நர்ஸம்மாவுக்கு அந்தக் கூடத்தில் எரிச்சல் மூட்டாத பொருள் ஒன்றுகூட இல்லை. ஏசி பிணவறைக்குப் போட்டது போல ஓடியது. மேடையில் கோட் போட்ட ஒருவன் முதலீட்டைப் பற்றி மைக்கை விழுங்கிவிடுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தான். வாயெல்லாம் பல். பல்லழகர் என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டாள். எதிரே நரைத்த தலைகள் எல்லாவற்றுக்கும் ஆடின. வயதானால் புத்தி வரும் என்று சொன்னவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது.

அவள் வந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்காக. அண்ணி போன பிறகு அவர் வீட்டை விற்று, பணத்தை வங்கியில் போட்டிருந்தார். அதை விட்டால் அவருக்கு வேறு ஆதாரம் கிடையாது. அதைத்தான் இன்று இவர்களிடம் முழுசாகத் தூக்கிக் கொடுக்கப் போகிறார். என்ன திட்டம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பல்லழகர் தினமும் போன் செய்து, "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிறான். அது போதும் அவருக்கு.

"என் பையன் ஒருநாள் கேட்டிருப்பானா? நீயே சொல்லு."

"கறக்கிற மாட்டுக்குத்தான் அண்ணே புண்ணாக்கு வைப்பாங்க."

"உனக்கு எல்லாரையும் சந்தேகம்தான்."

மேடையில் மணி அடித்தார்கள். முதல் ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். எல்லாரும் கைதட்டினார்கள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து சாப்பாட்டு வாசனை வந்தது. கையெழுத்தை முடித்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடலாம், சலுகை இன்றோடு சரி என்றான் பல்லழகர். சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. அந்தக் குளிரிலும் முன்வரிசைப் பெரியவர் ஒருவருக்கு நெற்றி வியர்த்ததை நர்ஸம்மா பார்த்தாள். கை வேறு நடுங்கியது. பசியில் கிடப்பவன் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான். நாய்க்குப் பிறந்த யோசனை என்று பல்லைக் கடித்தாள்.

எழுந்து நின்று வார்டுக் குரலில் அதட்டினாள். "சுகர் மாத்திரை போடுறவங்கல்லாம் எழுந்திரிங்க!"

கூடமே எழுந்தது.

"அம்மா, பத்தே நிமிஷம்..." என்று ஓடிவந்தான் பல்லழகர்.

"யாராவது மயங்கி விழுந்தா நீ தூக்கிட்டு ஓடுவியா? கதவைத் திற!"

வயிறு நிறைந்ததும் தலைகள் ஆடுவது நின்றது. பணத்தைத் திரும்பக் கேட்டால் யார் தருவது என்று ஒருவர் கேட்டார். கோட்டுக்காரர்கள் கையைப் பிசைய, பெரியவர்கள் தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். ஓசிச் சோற்றுக்கு வந்த கூட்டம், ஆனாலும் பிழைத்துப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் மட்டும் நகரவில்லை. விண்ணப்பத்தை முழங்கைக்கடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

"கடைசியா சொல்றேன் அண்ணே, வேண்டாம்."

"வாக்குக் கொடுத்துட்டேன். நீ சும்மா இரும்மா."

அவளுக்கு அழுகை முட்டியது. ஊரையே காப்பாற்றி என்ன, உடன்பிறந்தவர் கிணற்றில் விழுகிறாரே. அண்ணன் பரிமாறுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் கேட்டுத் தட்டை நீட்டினார். அப்போதுதான் காலிக் கூடத்தைப் பார்த்துவிட்டுப் பல்லழகர் வந்தான். ஒரு பல்லையும் காணோம்.

"ஓசின்னா கிளம்பி வந்துடறீங்க! ரெண்டாவது தடவை வேறயா? மொதல்ல கையெழுத்தப் போடுய்யா, அப்புறம் கொட்டிக்கோ!"

நீட்டிய தட்டு அப்படியே நின்றது. நர்ஸம்மா வாயைத் திறந்தாள். அண்ணன் இடது கையால் அவளை அமர்த்தினார். தட்டை மெல்லக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

பல்லழகருக்கு அதற்குள் பல் முளைத்துவிட்டது. "அப்பா, ஏதோ டென்ஷன்ல..."

"யாருக்குடா அப்பா?" என்றார் அண்ணன். "நான் பெத்தது போன் பண்ணாதுதான். ஆனா ஒருநாளும் என் தட்டை எட்டிப் பார்த்ததில்ல."

விண்ணப்பத்தைத் தட்டுக்குள்ளேயே போட்டுவிட்டு, கை கழுவ எழுந்தார்.